மரபணுப் படியின் முற்றுப்புள்ளி



ஒன்றை எழுதத் தொடங்குவதைப் போன்றே, எங்கே நிறுத்துவது என்பதும் இன்றியமையாதது. நம் உடலின் உயிரணுக்களில் ஓயாது நடைபெறும் எழுத்துப் பணிக்கும் இது பொருந்தும். அதனையே இன்று நாம் காண இருக்கிறோம்.

உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. ஒரு மூலச் சுவடி. புரதம் ஆக்குவதற்கான செய்தியை அதிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுப்பது 'ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2' என்னும் நொதி. ஆனால் இச்சுவடியில் ஒரு மரபணுவிற்கும் அடுத்ததற்கும் இடையே வேலி ஏதும் இல்லை. அவ்வாறாயின் நொதி எங்ஙனம் நிற்கிறது?

படியின் இறுதியை ஒட்டிப் பெரும்பாலும் 'ஏ-ஏ-யூ-ஏ-ஏ-ஏ' என்னும் ஆறெழுத்துக் குறி வருகிறது. இதனை 1976-இல் பிரௌட்புட், பிரௌன்லீ என்னும் அறிஞர்கள் கண்டறிந்தனர். இக்குறியை உணரும் புரதக் கூட்டம், அதனின்று ஏறத்தாழ 10 முதல் 30 எழுத்துகள் தள்ளிப் படியை வெட்டுகிறது. வெட்டிய படிக்கு 'ஏ' எழுத்துகளாலான வால் சேர்க்கப்படுகிறது. பின்னர் அது உட்கருவை விட்டு வெளியேறுகிறது.

பாலிமரேஸோ உடனே நிற்பதில்லை. மேலும் எழுதிச் செல்கிறது. பயனற்ற அவ்விழையை, 'எக்ஸ்ஆர்என் 2' என்னும் மற்றொரு நொதி வெட்டுண்ட முனையிலிருந்து அரித்துக்கொண்டே பின்தொடர்கிறது. குறியைக் கடந்தபின் பாலிமரேஸின் விரைவும் குறைகிறது. துரத்துவது எட்டியதும் பாலிமரேஸ் டி.என்.ஏ.வை விட்டு விலகுகிறது. அரிக்கும் நொதியின் இப்பங்கு மனித உயிரணுக்களில் 2004-இல் புலப்பட்டது.

இக்குறி பழுதுபட்டால் நேர்வது என்ன? சௌதி அரேபியாவில் காணப்படும் ஒருவகை ஆல்பா தலசீமியா நோய்க்குக் காரணம், ஆறெழுத்தின் கடைசி 'ஏ', 'ஜி' என மாறியதே என்பது 1983-இல் தெரியவந்தது. அம்மாற்றத்தால் படியெடுப்பு உரிய இடத்தில் முடியாமல் மரபணுவைக் கடந்து ஓடுகிறது என்பதை 1986-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. செம்மையான படி குறைவதால் குருதியின் ஹீமோகுளோபின் குறைகிறது, இரத்தசோகை உண்டாகிறது.

ஆகவே, இரத்தசோகை அனைத்தும் உணவுக் குறையால் வருவதன்று; வினைப்பயனும் அன்று. பெற்றோர் வழி வரும் ஓரெழுத்துப் பிழையும் காரணமாகலாம். அப்பிழைக்கு எவரும் குற்றவாளி அல்லர். சோகை நீங்காதபோது மருத்துவரை நாடிக் குருதியைச் சோதித்துக் காரணம் அறிவோம். திருமணத்திற்கு முன் சோதிக்கவும் தயங்கோம். உயர்ந்தோர் எனப்படுவோர்க்கும் தாழ்ந்தோர் எனப்படுவோர்க்கும் உயிரணுவில் குறி ஒன்றே. அதனைக் கற்கும் உரிமையும் அனைவர்க்கும் ஒன்றே.