அழித்தும் காலியாகாத டிஸ்க்



லினக்ஸ் போட்ட கணினி ஒன்று. நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடியது. இன்று காலையில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுக்கிறது, மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. பாஸ்வேர்டில் பிழையில்லை. இருந்திருந்தால் திரையிலேயே அப்படிச் சொல்லியிருக்கும். இந்த நிலையில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மேட் பண்ணிட்டுப் புதுசா போட்டுடலாம்."

அந்த யோசனையை ஏற்காதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். தனக்கு என்ன ஆயிற்று என்பதை லினக்ஸ் பெரும்பாலும் எங்காவது எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் ஃபார்மேட் செய்தால் கோளாறோடு சேர்ந்து அதன் காரணமும் அழிந்துபோகும். அதே கோளாறு அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும்.

இப்போது அந்தக் கணினிக்கு வருவோம். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப் மூன்றைத் தட்டுங்கள். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். அங்கே உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் உள்ளே விட்டுவிடும். அடுத்ததைக் குறித்துக்கொள்ள வசதியாக எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: டி, எஃப், ஓர் இடைவெளி, ஹைஃபன், ஹெச். எல்லாம் சின்ன எழுத்து. என்டர் தட்டியதும் டிஸ்கின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று பட்டியல் வரும். அதில் வெறும் சாய்கோடு போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே 100 சதவீதம் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப் திறக்கும்போது உங்கள் ஹோம் ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால்தான் வெளியே தள்ளுகிறது. கோப்பு உரிமைகள் மாறிப்போனாலும் இதே அறிகுறி வரும். ஆனால் டிஸ்கை முதலில் பார்ப்பதே நல்லது, அரை நிமிட வேலைதான்.

டிஸ்க் நிரம்பிய பிறகும் நிர்வாகியான ரூட் வேலை செய்ய முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. டெபியன், உபுண்டு போன்றவற்றில் வழக்கமாக வரும் எக்ஸ்ட் நான்கு என்ற கோப்பு முறைமை, உருவாகும்போதே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். 1 டெராபைட் டிஸ்கில் அது ஏறக்குறைய 50 கிகாபைட். 'இவ்வளவு இடத்தைக் காணோமே' என்று சிலர் வருத்தப்படுவார்கள். இப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் கணினியை மீட்டுத் தருவது அந்த இடம்தான்.

சர்வரில் இதே கோளாறு இன்னும் குழப்பமான வேடத்தில் வரும். ஓர் இணையதளம் ஓடுகிறது. அதன் லாக் கோப்பு நாள்பட்டு வளர்ந்து 40 கிகாபைட் ஆகிவிட்டது. நிர்வாகி அதை அழிக்கிறார். மறுபடி டிஎஃப் பார்த்தால் அதே 100 சதவீதம்! கோப்பைக் காணோம், இடமும் வரவில்லை.

லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. அழிக்கும் கமாண்ட் நீக்குவது பெயரை மட்டும்தான். வாசலில் உள்ள பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே குடியிருப்பவர் வெளியேறிவிட மாட்டார் அல்லவா? அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் மூடும்வரை, லினக்ஸின் மையமான கெர்னல் அந்த இடத்தை விடுவிக்காது. யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு கமாண்ட் உண்டு: எல், எஸ், ஓ, எஃப், இடைவெளி, கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று. இதை ரூட்டாகக் கொடுங்கள். பெயர் நீக்கப்பட்டும் இன்னும் திறந்தே இருக்கும் கோப்புகள், அவற்றைப் பிடித்திருக்கும் நிரலின் பெயர் எல்லாம் வந்துவிடும். அந்த ஒரு சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், 40 கிகாபைட்டும் திரும்பி வரும். சர்வர் முழுவதையும் நிறுத்தத் தேவையே இல்லை. இது அடிக்கடி நடந்தால் லாக்குகளைச் சுழற்சியாக ஒதுக்கும் லாக்ரொடேட்டின் அமைப்பைப் பாருங்கள். பழைய லாக்கை ஒதுக்கிய பிறகு, புதியதைத் திறக்கும்படி நிரலுக்குச் சொல்லும் வரி அதில் விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொரு வேடம். டிஎஃப் 60 சதவீதம்தான் என்கிறது. ஆனாலும் எதைச் சேமித்தாலும் 'இடமில்லை' என்ற செய்தி. இப்போது ஹெச் இருந்த இடத்தில் ஐ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு பதிவு வேண்டும். எக்ஸ்ட் நான்கில் வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றை முதலிலேயே வகுத்துவிடுவார்கள். பிறகு அதே பகுதியில் அந்த விகிதத்தைக் கூட்ட முடியாது. இணையதளத்தின் செஷன் கோப்புகள், அனுப்பப்படாமல் தேங்கிய மின்னஞ்சல்கள் போன்ற பொடிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், டிஸ்கில் இடமிருந்தும் பதிவுகள் தீர்ந்துபோகும். அந்த ஃபோல்டரில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக அழிக்கப் பார்த்தால், 'பட்டியல் மிக நீளம்' என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கமாண்டின் டெலிட் வசதிதான் அங்கே கைகொடுக்கும்.

பூட் பகுதி தனியாக இருந்து நிரம்பினால் பழைய கெர்னல்கள்தான் காரணமாக இருக்கும். உபுண்டுவில் ஏபிடி ஆட்டோரிமூவ் கொடுங்கள். கையால் அழிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 'அனுமதி இல்லை' என்று செய்தி வந்தால், எல்லாக் கோப்புக்கும் 777 என்று உரிமை கொடுத்துவிடச் சொல்லும் யோசனை எங்கும் உலவுகிறது. டிஸ்க் முழுவதற்கும் அதைச் செய்தால் ரூட்டாக வேலை செய்யவிடும் சூடூ கமாண்டுக்கு இருந்த தனி உரிமைக் குறி அழிந்து, அது வேலை செய்ய மறுத்துவிடும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தன் சாவிக் கோப்புகள் எல்லோருக்கும் திறந்து கிடப்பதைப் பார்த்து நம்ப மறுக்கும். தொலைவில் உள்ள சர்வர் என்றால் நீங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். எந்தக் கோப்பு, அது யாருக்குச் சொந்தம் என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிடிபடவில்லை என்றால் யாரிடமாவது கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஆனால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் கேட்டால் யாராலும் உதவ முடியாது. கடைசியாக எதை மாற்றினீர்கள், வந்த செய்தி என்ன என்பதை ஓர் எழுத்து விடாமல் கொடுங்கள். ஜர்னல்சிடிஎல் என்ற கமாண்டோடு இடைவெளி, ஹைஃபன், பி என்று சேர்த்தால், கணினியை இயக்கியது முதல் நடந்ததெல்லாம் வரும். கணினியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குப் பிழைச் செய்தியும் தமிழிலேயே வரலாம். அதை இணையத்தில் தேடினால் விடை அரிது. அப்போது கமாண்டுக்கு முன்னால் எல்சி, அடிக்கோடு, ஏஎல்எல், சமக்குறி, சி என்று சேர்த்து ஓட்டுங்கள். எல்லாம் பெரிய எழுத்து. அந்த ஒரு முறைக்கு மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும், உங்கள் தமிழ்த் திரை அப்படியே இருக்கும்.