முதுகுவலியும் இழுவைச் சிகிச்சையும்



தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக உழவைச் சார்ந்து வாழ்பவர்கள். காவிரிப் படுகையில் குறுவையாயினும் சம்பாவாயினும், நாற்று நடும் பெண்கள் பல மணி நேரம் குனிந்தே நிற்கின்றனர். முதுகுவலி அவர்களுக்குப் புதிதன்று.

முதுகெலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் உள்ளன. ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பு வலி காலுக்கும் கழுத்து வலி கைக்கும் பரவும். அறுவையின்றி இதனைத் தீர்ப்பதாகக் கூறி, இடுப்பில் வார் கட்டி இயந்திரத்தால் இழுக்கும் சிகிச்சை விளம்பரப்படுத்தப்படுகிறது. இழுவை முறை பழமையானது. ஹிப்போகிரேட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே அதற்கான பலகை கூறப்படுகிறது. ஆயினும், பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, இடுப்பு வலிக்கு இழுவையால் பயன் மிகச் சிறிது அல்லது இல்லை என்றே கூறியது. பிதுக்கத்தால் வரும் கால்வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. காலம் ஆற்றியதை இயந்திரத்தின் வெற்றியாகக் கொள்வது எளிது.

ஆதலின், பெருந்தொகை செலுத்துமுன் தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு மருத்துவமனையில் ஆலோசனை பெறுக. நெடுநாள் படுக்கை வேண்டா. இயன்ற அளவு நடத்தலும் முறையான பயிற்சியும் நன்று. கால் வலுவிழந்தாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு குலைந்தாலோ உடனே மருத்துவமனை செல்க.

நிலமுடையோர், நடவுப் பெண்கள் இடையிடையே நிமிர்ந்து இளைப்பாற நேரம் அளிப்பார்களாக. செலவில்லாத மருந்து அதுவே.