வண்டிக்கு நகை வேண்டாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. உரையாளர் 2010-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர்.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாயசம் வேறு போட்டிருக்கிறார்கள். ஆகவே தூங்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. சங்கச் செயலாளர் என்னிடம், "நீ பிக்அப் வண்டியை எடுத்துக்கிட்டு மலை மலையா சுத்துறியாமே, அதைப் பத்திப் பேசேன், பசங்க கேப்பாங்க" என்றார். காலையில் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றி நின்ற தம்பிகளும் அதைத்தான் கேட்டார்கள். "அண்ணா, என்னென்ன மாட்டியிருக்கீங்க?" கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். ஏனென்றால் நான் மாட்டியவை குறைவு, கழற்றியவை அதிகம். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த இருபது நிமிடம்.

முதலில் வண்டியைப் பற்றி. அது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் 2016-இலிருந்து தயாராகும் வண்டி. என்னுடையது 2017 மாடல், 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. ஏணி போன்ற சேஸிஸ் மேல் கேபின் தனியாகவும் பெட்டி தனியாகவும் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் லாரியைப் போல ஸ்பிரிங் பட்டைகள். 2019-இல் 60,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் ஒருவரிடமிருந்து வாங்கினேன்.

வாங்கிய முதல் ஆண்டு அதில் ஒரு அலங்காரமும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த லாரிப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டு போய் நிறுத்தினேன். நாற்பது வருடமாக லாரியின் அடியில் படுத்து எழுந்தவர். நான் எழுதிக்கொண்டு போன பட்டியலைப் பார்த்தார். இரும்பு பம்பர், கூரைக் கூடாரம், விஞ்ச், எட்டு விளக்கு. சிரித்துவிட்டு, "தம்பி, வண்டிக்கு நகை போடாதீங்க, கிரீஸ் போடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நம் நம்பகத்தன்மைப் பாடம் முழுக்க இருக்கிறது என்றால் மிகையாகாது.

அந்த ஆண்டு நாங்கள் செய்தது இவ்வளவுதான். எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன் பின் டிஃபரன்ஷியல் என ஐந்து இடத்திலும் எண்ணெய் மாற்றினோம். ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட்டுகள், பேட்டரி புதியவை. வீல் பேரிங்குகளைத் திறந்து பார்த்தோம். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு ஜாயின்ட்டுகளுக்குக் கிரீஸ் அடித்தோம். ஓட்டை உடைசலாக இருந்த ரப்பர் புஷ்களை மாற்றினோம். முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த ஹாரன், கூடுதல் விளக்கு, அவற்றின் சிக்கலான ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டோவுக்கும் உதவாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க வேண்டாம். பழுதானால் வண்டியை வழியில் நிறுத்திவிடக்கூடிய பாகங்கள் 20 இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பயணத்தைத் தாங்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வண்டியும் தாங்கும் வாய்ப்பு 0.99-ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 82 சதவீதம். அப்படிப்பட்ட பாகங்கள் 50 ஆனால் வாய்ப்பு 60 சதவீதமாகிறது. ஒவ்வொரு பாகமும் நல்ல பாகம்தான். எண்ணிக்கைதான் நம்மைக் கவிழ்க்கிறது. ஆகவே ஒன்றைச் சேர்க்கும் முன், "இது பழுதானால் வண்டி நிற்குமா?" என்று கேளுங்கள். நிற்கும் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

அடுத்தது எடை. ஒரு பிக்அப்பின் வெறும் எடை 1,900 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,500 கிலோ என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மிச்சம் 600. நான்கு ஆள் 300 போய்விட்டது. பெட்டி மேல் இரும்பு மூடி 80, கூரைக் கூடாரம் 60, இரண்டாவது ஸ்டெப்னி 30, கேனில் 40 லிட்டர் டீசல் 33, தண்ணீர் 40, கருவிகள் 25, ஃபிரிட்ஜும் அதற்கு ஒரு பேட்டரியும் 45. கூட்டினால் 313. சாப்பாட்டுச் சாமானும் துணிமணியும் இன்னும் ஏற்றவே இல்லை, வண்டி அளவைத் தாண்டிவிட்டது. உங்கள் வண்டியின் சரியான எண்கள் கையேட்டில் இருக்கும். மூட்டை முடிச்சோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். நெல் மூட்டை லாரிக்கு வாங்குகிற அதே சீட்டை நமக்கும் தருவார்கள்.

எவ்வளவு எடை என்பது மட்டுமல்ல, எங்கே என்பதும் கேள்வி. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ தொங்கினால், 3.1 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டியில் முன் அச்சு 32 கிலோ இலேசாகிறது, பின் அச்சு 132 கிலோ சுமக்கிறது. நெம்புகோல் தத்துவம், பள்ளிப் பாடம். பள்ளத்தில் விழும்போது அந்தச் சுமை இரண்டு மூன்று மடங்காகும். அது முழுவதும் வளைக்கப் பார்ப்பது கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள சேஸிஸை.

மலை உயரம் ஏறினால் சின்னச் சின்ன விஷயங்கள் பெரிதாகின்றன. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஒரு பார் அழுத்தம் பிடித்தால் அது 113 டிகிரி வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு ஏறினால் பாதி வழியில் ஆவி பறக்கும். அந்த மூடியின் விலை ஹோட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான்.

"மேலே போனா டயர் வெடிக்குமா அண்ணா" என்று கேட்கிறார்கள். சமவெளியில் 30 டிகிரி வெயிலில் 32 பி.எஸ்.ஐ. அடித்த டயர், 4,500 மீட்டரில் உறைநிலைக் குளிரில் 34-க்குக் கொஞ்சம் கீழே காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதையும் உள்ளே குளிர்வதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒன்றை ஒன்று ஏறக்குறைய சரிக்கட்டிவிடுகின்றன. விடுதி அறைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் உள்ளே போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரை நம்புங்கள். குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் குளிர்கால டீசலையே நிரப்புங்கள். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத அந்த டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. கீழே நிரப்பிய டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர். நானும் என் விடுதி அறைத் தோழனும் இமாசலப் பிரதேசத்தில், ஸ்பிட்டிக்குப் போகும் வழியில் சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரத்தில் தங்கியிருந்தோம். சுமார் 4,300 மீட்டர் உயரம். போன் கிடையாது. பக்கத்தில் இன்னொரு பிக்அப், நான்கு இளைஞர்கள். எங்கள் வண்டியை விட எல்லாவற்றிலும் பெரிய வண்டி. விஞ்ச், கூடாரம், ஃபிரிட்ஜ், இரண்டு ஸ்டெப்னி எல்லாம் இருந்தன. நன்றாக ஓட்டத் தெரிந்த பையன்கள்தான். ஆனால் அன்று மாலை அந்த வண்டி நகர முடியாமல் நின்றிருந்தது. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலான இடைவெளி மேலே விரிந்து, கீழே நெருங்கியிருந்தது. சேஸிஸ் வளைந்து புரொபெல்லர் ஷாஃப்ட் அதிர ஆரம்பித்திருந்தது. பின்பக்கம் தாழ்ந்து தெரியாமலிருக்க ஸ்பிரிங் பட்டைக்கு மேல் காற்றுப்பை மாட்டிக் கொடுத்திருந்தது ஒரு கடை. பட்டை தன் சுமையை இரண்டு முனைகளில் பிரித்துச் சேஸிஸுக்குத் தரும். காற்றுப்பை ஒரே இடத்தில் குத்தும். வண்டி சமமாக நின்றது, எடை மட்டும் குறையவில்லை.

இரவு பதினொன்றரை மணிக்கு அவர்களில் ஒருவர் எங்கள் கூடாரத்தைத் தட்டினார். ஒரு பையனுக்கு மாலையிலிருந்து தலைவலி, வாந்தி. இப்போது பேச்சு குழறுகிறது. எழுப்பி ஒரு கோட்டின் மேல் குதிகாலும் கால்விரலும் ஒட்டி நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் சாய்ந்தான். உயரத்தில் மூளை வீங்கும் நோயின் அறிகுறி இது. விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. பின் இருக்கையில் சாமான் வைப்பதில்லை, ஒரு ஆள் படுக்க இடம் எப்போதும் இருக்க வேண்டும். எடைக் கணக்கிலும் அந்த இரண்டு பேருக்கு இடம் விட்டே மூட்டை கட்டுவோம். பையனைப் படுக்கவைத்து, அவன் நண்பனை அருகில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். உறைபனிக் குளிரில் முதல் முயற்சியிலேயே எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாதல், சத்ரூ வழியாகக் கிராம்பூ வரை அது சாலையே அல்ல, ஆற்றங்கரைக் கற்கள். ஓடைகள் குறுக்கே ஓடும். இரவில் பனி உருகுவது குறைவதால் தண்ணீர் தணிந்திருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொரு ஓடையிலும் தோழன் இறங்கி டார்ச் அடித்துப் பார்ப்பான், நான் நான்கு சக்கர லோ கியரில் மெதுவாக ஏற்றுவேன். ஒருமுறை கூட யாரும் பேசவில்லை. சத்ரூவைத் தாண்டியபோது பின்னாலிருந்து அந்தப் பையன் தண்ணீர் கேட்டான். 2020-இல் திறந்த அடல் சுரங்கப் பாதை வழியாக விடியற்காலை ஆறு மணிக்கு மணாலி மருத்துவமனை வாசலில் நின்றோம். ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நடந்து வெளியே வந்தான்.

அன்று இரவு எங்களுக்கு உதவியவை எவை? நல்ல பேட்டரி, சுத்தமான டீசல் ஃபில்டர், புது பிரேக் எண்ணெய், ஒரு காலி இருக்கை. நான்கில் ஒன்றும் போட்டோவில் விழாது.

அப்படியானால் ஒன்றுமே மாட்டக்கூடாதா? மாட்டலாம். என் வண்டியில் கரடுமுரடுப் பாதைக்கான டயர்கள் இருக்கின்றன, கம்பெனி சொன்ன அதே அளவில். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப், இழுக்கும் கயிறு, டீசல் ஃபில்டர் இரண்டு, பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் குழாய் ஒன்று, ஃபியூஸ்கள். இவற்றை நானே மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இருட்டில் தடவியும் மாற்றுவேன். சட்டத்தையும் பாருங்கள். முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகளைத் தடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டிச் சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொரு விதி. பயணத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். குளியல் தொட்டி வடிவத்தில் ஒரு வளைகோடு படித்திருப்பீர்கள். பாகங்கள் அதிகம் பழுதாவது கிழவயதில் மட்டுமல்ல, பிறந்த புதிதிலும்தான். மாட்டியபின் 1,000 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுங்கள், கழன்றால் வீட்டு வாசலில் கழலட்டும். ஒரு நோட்டு போட்டு எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என் நோட்டு இப்போது மூன்றாவது. வண்டியை விற்கும் நாளில் சாவியோடு அதையும் கொடுப்பேன்.

பாஹா போட்டிக்காக நம் பட்டறையில் வண்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எடை குறையுங்கள், எளிதாக எட்டும் இடத்தில் நட்டுகளை வையுங்கள், பழுது பார்ப்பவன் கை நுழைகிறதா என்று பாருங்கள். அந்தக் கை பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும். வண்டி வெளியே நிற்கிறது. தேநீர் இடைவேளையில் வந்தால் பானெட்டைத் திறந்து காட்டுகிறேன், அடியிலும் படுத்துப் பார்க்கலாம். சட்டை அழுக்கானால் நான் பொறுப்பல்ல.