வேல்சு மொழிக்கு நின்ற குவின்வோர் எவான்சு



ஆங்கிலேயர் நாட்டின் மேற்கே மலையும் பள்ளத்தாக்குமாய்க் கிடப்பது வேல்சு. அந்நாட்டின் பேரி நகரில் 1912-இல் பிறந்தார் குவின்வோர் எவான்சு. வீட்டில் அவர் கேட்டு வளர்ந்ததோ ஆங்கிலம். முன்னோர் மொழியை இளமையில் தாமே முயன்று கற்றார். தாய்மடியில் மொழியைப் பெற்றும் பேணாதார் பலர். இவரோ இழந்ததைத் தேடி அடைந்தவர். ஆக்சுபோர்டில் சட்டம் பயின்றவர், தக்காளி பயிரிட்டு வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்தார். 1945 முதல் 1981 வரை பிளைடு கம்ரி கட்சிக்குத் தலைமை தாங்கினார்.

இலிவர்ப்பூல் நகரத்தார்க்குத் தண்ணீர் வேண்டித் திரிவெரின் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957-இல் சட்டம் இயற்றப்பட்டது. வேல்சின் 36 உறுப்பினருள் ஒருவரும் அதனை ஆதரித்து வாக்களித்திலர். ஆயினும் என்? சட்டம் நிறைவேறிற்று! தாய்மொழியே வழங்கிய கேப்பல் கெலின் என்னும் சிற்றூர், பள்ளியும் வழிபாட்டு மனையும் இடுகாடுமாக, 1965-இல் நீருள் அடங்கிற்று. எவான்சு அதனைத் தடுக்க எவ்வளவோ போராடினார், இயலவில்லை. அந்தப் புண் மக்கள் நெஞ்சில் ஆறவேயில்லை.

மறு ஆண்டு சூலை 14-ஆம் நாள் கார்மார்த்தன் இடைத்தேர்தலில் வென்று, தம் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1970-இல் தோற்றார், 1974 பிப்பிரவரியில் மூன்றே வாக்குகளில் தோற்றார், அக்தோபரில் வென்றார், 1979-இல் மீண்டும் தோற்றார். அவ்வாண்டு மார்ச்சில், வேல்சுக்குத் தனி மன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் ஐவர்க்கு நால்வர் வேண்டா என்றனர். பிறர் அடித்த அடியினும் தம் மக்கள் அடித்த அடியன்றோ பெரிது?

வேல்சு மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகத் தேர்தலில் உறுதி கூறிய தாட்சர் அம்மையாரின் கட்சி, ஆட்சியேறிய அவ்வாண்டே செபுதம்பரில் சொல் பிறழ்ந்தது. உரிமக் கட்டணம் செலுத்தோம் என ஏறத்தாழ ஈராயிரவர் சூளுரைத்தனர். எவான்சு அதனினும் ஒருபடி மேற்சென்றார். 1980 அக்தோபர் 6 முதல் சாகும்வரை உண்ணேன் என மே மாதத்திலேயே அறிவித்தார். அகவை எழுபதை நெருங்கியவர். பிறர் உயிர்க்கு ஊறு செய்ய என்றும் ஒருப்படாதவர். தம் உயிரையே பணயமாக வைத்தார். ஊர்தொறும் மக்கள் திரண்டனர். எதற்கும் வளையாதவர் எனப் பெயர் பெற்ற அம்மையாரின் அரசு செபுதம்பர் 17-இல் இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ஆம் நாள் வேல்சு மொழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிற்று.

1979-இல் வேண்டா என்ற அம்மக்கள், 1997-இல் 6,721 வாக்கு மிகுதியால் தனி மன்றம் வேண்டும் என்றனர். 1999-இல் அம்மன்றம் கூடியதையும் கண்டபின், 2005 ஏப்பிரல் 21-இல், 92-ஆம் அகவையில், எவான்சு மறைந்தார்.