கொதிக்க வைத்தாலும் போகாத விஷம்

(வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பாலாற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் முழுக்க தோல் தொழிற்சாலைகள். நம்மில் பல பேர் வீட்டுக்கு அங்கிருந்துதான் சம்பளம் வருது. அதனால மூடச் சொல்லிப் பேச நான் வரலீங்க.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, டிரம்மில் குரோமியம் உப்பு போட்டுச் சுற்றுவார்கள். போட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தோலில் பிடிக்கும். மிச்சம் கழிவுநீரோடு போயிடும். சாதாரண அழுக்கு என்றால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். குரோமியம் உலோகமாச்சே, அது அழியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் பிரித்தாலும் சேற்றில் தங்கும். அந்தச் சேறும் லேசுப்பட்டது இல்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் செத்துப்போனாங்க.

சோறு வெந்த பிறகா கல் பொறுக்குவோம்? அரிசியிலேயே பொறுக்கிடுவோம் இல்லீங்களா? அதே மாதிரி, குரோம் டிரம்மிலிருந்து வரும் தண்ணீரை மட்டும் தனி வாய்க்காலில் பிடித்து, காரம் சேர்த்தால் குரோமியம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் தோலுக்கே போடலாம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. முதலாளிக்கும் ரசாயனச் செலவு மிச்சம். எல்லாக் கழிவையும் ஒன்றாகக் கலந்துவிட்ட பிறகு பிரிப்பதுதான் கஷ்டம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பாலாறு வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. அப்போ நடுவில் என்ன நடந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுத்தாங்க. அந்தப் பெட்டியில் உப்பு, ஃபுளோரைடு, இரும்பு பார்க்கலாம். குரோமியம் பார்க்க முடியாது. அதுக்கு ஆய்வகம்தான். ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது.

வருகிற கிராம சபையில் ஒவ்வொரு குழுவும் ஒரு மனு கொடுங்க. போர், கிணறு எல்லாத்தையும் "குரோமியம் உட்பட" சோதிக்கணும் என்று எழுதுங்க. அந்த இரண்டு வார்த்தை விட்டுப்போனால் வழக்கமான சோதனையோடு முடிச்சிடுவாங்க. மனுவின் நகலில் முத்திரை வாங்கிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்திடுங்க.