வெள்ளகவிக்குப் புளியோதரையோடு நடக்கலாம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளகவி நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் சிலர், "நாங்க சைவம், முடியுமா?" என்று கேட்டீர்கள். வீகன் ஆகிவிட்ட பிள்ளைகளின் பெற்றோர், "முட்டையாவது சாப்பிடச் சொல்லுங்க" என்கிறீர்கள்.

தாராளமாக முடியும். கலிபோர்னியா மலைகளில் 160 கி.மீ. ஓடும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை வென்றவர் ஸ்காட் ஜூரெக். பால், முட்டைகூட இல்லாத உணவுக்கு மாறியவர் அவர்.

ஆனால் சைவம் என்றால் சோறு, ரசம், அப்பளம் என்று இருந்துவிடக் கூடாது. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ், வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை நமக்குப் பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும், மறுநாள் வலிக்கும். அதைச் சரிசெய்யப் புரதம் வேண்டும்.

பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 கிராம், 60 கிலோ எடை என்றால் 72 கிராம். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் கிடைக்கும். அரிசியில் குறைவதை உளுந்து ஈடுகட்டும். ஆகவே இட்லி நல்ல கூட்டணி. வீகன்கள் பாலுக்குப் பதில் சோயா, டோஃபு, சுண்டலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் கவலைப்படுவது பி12 பற்றித்தான். தாவர உணவில் அது கிடையாது. குறைந்தால் சோர்வு, கைகால் மரமரப்பு வரும். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகலாம். வீகன்கள் பி12 மாத்திரையைத் தவிர்க்கவே கூடாது. பால் மட்டும் குடிப்பவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைக் கேளுங்கள். அப்போதே இரும்புச்சத்தையும் பாருங்கள். கீரை, பருப்போடு எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைவாகவே சேரும்.

பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இன்றிலிருந்து லிஃப்டை விட்டுப் படியில் இறங்கிப் பழகுங்கள். அன்றைக்குப் புளியோதரை, சுண்டல், கடலை மிட்டாய், வாழைப்பழம், போதுமான தண்ணீர் எடுத்து வாருங்கள். வெள்ளகவி மக்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. நாமும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.