நெஞ்சுவலி என்னும் ஒரு சொல்

தமிழில் நெஞ்சு என்னும் சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். இதனால் ஓர் இடர் நேர்வதுண்டு. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பெண்மணிக்கு இருதயத்தில் கோளாறில்லை என்று தெரிந்ததும், "அப்படியானால் மனப்பிரமைதான்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். வலியோ அடுத்த வாரமும் வருகிறது. நாளடைவில் அவள் அதை எவரிடமும் சொல்வதில்லை.

இருதயம் காரணமாக இல்லாவிடினும் வலி மெய்யானதே. அதற்குப் பரிகாரமும் உண்டு. இதுவே நாம் இன்று கூற விரும்புவது.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. இருதயம் நலமா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மார்பு இறுகுதல், தாடைக்கோ முதுகுக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், தாமதியாமல் 112 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். பெரிய இரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லாதபோதும், நுண்ணிய குழாய்களின் குறையால் இருதய வலி வரக்கூடும். பெண்களிடம் இது மிகுதி. ஆதலால் மாடிப்படி ஏறுகையில் வலி தொடருமாயின், ஆஞ்சியோகிராம் சரியாக இருந்தாலும் மருத்துவரை மீண்டும் கேட்கத் தயங்கலாகாது.

இருதயம் காரணமன்று எனத் தெளிந்தபின், முதலில் ஐயுறவேண்டியது உணவுக்குழாயை. அது இருதயத்தின் பின்புறமாகவே இறங்குகிறது; இரண்டின் நரம்புகளும் தண்டுவடத்தின் ஏறக்குறைய ஒரே பகுதியை அடைகின்றன. ஆகவே இரைப்பையின் அமிலம் மேலேறினால், இருதயமே வலிப்பதுபோல் தோன்றும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, இரவு பத்து மணிக்கு உண்டு உடனே படுக்கும் வழக்கம் இதனை வளர்க்கும். உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்துவதும் நலம்.

அழுத்தினால் வலிக்குமாயின், விலா எலும்பை மார்பெலும்புடன் இணைக்கும் குருத்தெலும்பின் அழற்சியாக இருக்கலாம். இதற்கு ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் உதவும். ஆனால் வலி மாத்திரைகளை நாமாக விழுங்கினால் இரைப்பை புண்படும். பேரச்சம் திடீரெனப் பற்றும்போது எழும் மார்புவலியும் பொய்யன்று. மெல்ல மூச்சுவிடும் பயிற்சியும் மனநல ஆலோசனையும் அதனைத் தணிக்கும். மனச்சோர்வுக்குரிய மருந்தைச் சிறிய அளவில் மருத்துவர் வலிக்காகவே தருவதும் உண்டு. அதைக் கண்டு, நோய் மனத்தில்தான் என்று எண்ணவேண்டா.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு வேறொரு கடமையும் உண்டு. எரிகிறது, அழுத்துகிறது, குத்துகிறது என்று பெண்மணி மூன்று விதமாகச் சொல்வதை, உடன் சென்ற கணவரோ மகனோ "தர்த்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இந்தி வழங்கும் ஊர்களில் எரிச்சலுக்கு "ஜலன்", அழுத்தத்திற்கு "தபாவ்", குத்தலுக்கு "சுபன்" என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வலி எப்போது வந்தது, எதை உண்டபின் வந்தது, என்ன வேலை செய்கையில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு செல்வோமாக. அவள் சொன்னதை ஒன்றும் குறைக்காமல் மருத்துவரிடம் சேர்ப்போமாயின், சிகிச்சையில் பாதி அங்கேயே தொடங்கிவிடும்.